கோப்பிச் சாக்குக்காக வந்த இருப்புப்பாதை

நீங்கள் நிற்கும் இந்தக் கடுகண்ணாவை ஏற்றம், கண்டி இருப்புப்பாதையை அமைத்தவர்களை அதிகம் வதைத்த பகுதி. பாறை குடைந்தும் பள்ளத்தாக்கின் விளிம்பைச் செதுக்கியும் வேலை நடந்தது. காய்ச்சலில் தொழிலாளர் பலர் மாண்டனர்.

இவ்வளவு பாடும் பயணிகளுக்காக அல்ல, கோப்பிக்காக. கண்டிச் சீமையின் கோப்பி மாட்டுவண்டியில் கொழும்புத் துறைமுகம் சேர, மழைக்காலத்தில் வாரக்கணக்கில் ஆனது. தோட்டத் துரைமார் நெருக்கியதால் ஆளுநர் ஹென்றி வார்ட் 1858இல் பணியைத் தொடக்கிவைத்தார். 1864இல் முதல் ரயில் அம்பேபுஸ்ஸவரை ஓடியது. 1867இல் கண்டியை எட்டியது.

இரண்டே ஆண்டுகளில், 1869இல், கோப்பி இலைத்துரு நோய் தென்பட்டது. 1885இல் பாதை நானுஓயாவைத் தொட்டபோது கோப்பித் தோட்டங்கள் அநேகமாக அழிந்திருந்தன. கோப்பிக்குப் போட்ட பாதை தேயிலைக்கு வாய்த்தது.

கோப்பிச் சாக்குக்கு ரயில் கிடைத்த பிறகும், கோப்பியைப் பறித்த தமிழ்நாட்டுத் தொழிலாளர்க்குக் கால்நடைப் பயணம்தான். மன்னார்க் கரையில் இறங்கி, தண்ணீரற்ற காட்டுவழியே மாத்தளைவரை நடந்தார்கள். வழியிலேயே இறந்தோர் ஏராளம். எந்தக் கணக்கேட்டிலும் அவர்கள் பெயர் சரியாக ஏறவில்லை. தலைமன்னாருக்கு ரயில் வந்தது 1914இல்தான்.