இடக்கையும் இலக்கும்

கோவையிலிருந்து பொள்ளாச்சி செல்லும் நெடுஞ்சாலையில், பொன்மலை வேலாயுதசாமி குன்றின் அடிவாரத்தில் அமைந்த ஊர் கிணத்துக்கடவு. அவ்வூரிலிருந்து நம் வகுப்பிற்குப் பயில வந்த தேசிய மாணவர் படை மாணவர் ஒருவரே இக்கட்டுரை எழக் காரணமானார். துப்பாக்கி சுடும் பயிற்சியின் முதல் நாளில், படுத்த நிலையில், 25 மீட்டர் தொலைவிலிருந்த அட்டையை நோக்கி அவர் ஐந்து தோட்டாக்களைச் சுட்டார். ஐந்தும் ஐந்து திசையில் சிதறின. 'குறி வராத கை' என்று உடன் பயில்வோர் நகைத்தனர். அவர் எழுதுவதும் பந்தெறிவதும் இடக்கையால் என்பதை அன்று எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. நாமும் எண்ணிப் பார்க்கவில்லை என்பதை ஈண்டு ஒப்புக்கொள்ள வேண்டும்.

மக்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இடக்கைப் பழக்கம் உடையவர். அறுபது பேர் அமர்ந்த வகுப்பில் ஆறு பேர் இருக்கக்கூடும். கத்தரிக்கோல், எழுதுபலகை இணைந்த நாற்காலி முதலியன வலக்கைக்காரர்க்கென்றே செய்யப்படுகின்றன. மற்றவர் அவற்றோடு ஒருவாறு ஒத்துப்போகின்றனர். துப்பாக்கியிலோ அவ்வாறு ஒத்துப்போவதன் விலை, இலக்கில் துளைகளாகத் தெரிந்துவிடுகிறது. ஆகவே, இலக்குச் சுடும் விளையாட்டில் ஈடுபட விழையும் இடக்கை மாணவர், போல்ட் வகை ரைபிள் ஒன்றைத் தேர்ந்தெடுக்குமுன் அறிய வேண்டுவன யாவை என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

போல்ட் என்பது யாது?

கதவின் தாழ்ப்பாளை நாம் அறிவோம். மேலே தூக்கி, பின்னே இழுத்து, மீண்டும் முன்னே தள்ளி, கீழே மடக்கினால் கதவு பூட்டிக்கொள்கிறது. ரைபிளின் போல்ட்டும் ஏறக்குறைய அத்தகையதே. பின்னே இழுக்கும்போது சுட்டுமுடித்த வெற்றுத் தோட்டா வெளியேறுகிறது. முன்னே தள்ளும்போது புதிய தோட்டா குழலினுள் செல்கிறது. கைப்பிடியை மடக்கும்போது அறை இறுக மூடிக்கொள்கிறது. ஒவ்வொரு குண்டிற்கும் இச்செயலைக் கையாலேயே செய்ய வேண்டும்.

இக்கைப்பிடி பெரும்பாலான ரைபிள்களில் வலப்புறமே உள்ளது. காரணம் வரலாற்றில் இருக்கிறது. 1895இல் பிரித்தானியப் படை ஏற்ற லீ-என்ஃபீல்டு, 1898இல் செருமானியப் படை ஏற்ற மௌசர் ஆகியன வரிசையாக நிற்கும் வீரர்கள் அனைவர்க்கும் ஒரே அமைப்பாக வழங்கப்பட்டவை. வங்காளத்திலுள்ள இஷாப்பூர் தொழிற்சாலையில் உருவான ரைபிள்களும் அவ்வழியிலேயே வந்தன. படைக்கருவிக்குப் பொருந்திய அவ்வொருமை, விளையாட்டுக் கருவிக்கும் அப்படியே தொடர்ந்துவிட்டது.

ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். இடக்கை ரைபிள் என்பது வேறோர் இனமன்று. குழலும், அதனுள் குண்டைச் சுழலச் செய்யும் சுரிகளும், விசைப்பொறியும் பொதுவாக ஒன்றே. போல்ட் அமைந்த பக்கமும், தோளில் பதியும் கட்டையின் வடிவமுமே மாறுகின்றன. இவ்விரண்டும் தனித்தனிச் செய்திகள். ஒன்று வேண்டும்போது மற்றதும் வேண்டும் என்பது கட்டாயமில்லை.

முதலில் கண், பின்னரே கை

கைப்பழக்கம் இருப்பதுபோலவே கண்பழக்கமும் உண்டு. நம் இரு கண்களுள் ஒன்றை மூளை முதன்மையாகக் கொள்கிறது. மக்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர்க்கு அது வலக்கண். ஏனையோருள் பெரும்பாலார்க்கு இடக்கண். வலக்கையால் எழுதுவோருள் இடக்கண் முதன்மை உடையவரும் உண்டு. இடக்கையால் எழுதுவோருள் வலக்கண் முதன்மை உடையவரும் உண்டு.

இதனை அறியக் கருவி எதுவும் வேண்டா. இரு கைகளையும் முன்னே நீட்டி, உள்ளங்கைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, நடுவில் சிறு முக்கோணத் திறப்பை அமையுங்கள். அத்திறப்பின் வழியே இரு கண்களாலும் தொலைவிலுள்ள ஒரு தென்னையின் உச்சியைப் பாருங்கள். பின்பு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது தென்னை திறப்பினுள்ளேயே நிற்கிறதோ, அதுவே உங்கள் முதன்மைக் கண்.

இடக்கையும் இடக்கண்ணும் ஒன்றுபட்டிருப்பின் ஐயமில்லை. இடத்தோளில் வைத்துச் சுடுவதே இயல்பு. இரண்டும் மாறுபட்டிருப்பின், புதிதாகத் தொடங்குவோர் கண்ணின் பக்கத்தைத் தழுவுதல் நலம் என்பது பயிற்றுநர் பலரின் கருத்து. கை பழகுவது எளிது. கண் பழகுவது அரிது. கையின் பக்கமே சுட விரும்புவோர், குறிபார்க்காத கண்ணின்முன் சிறு மறைப்பட்டை ஒன்றை அமைத்துக்கொள்ளலாம். உலகப் போட்டி விதிகளும் 30 மில்லிமீட்டர் அகலம் வரை அதற்கு இடந்தருகின்றன.

'சோற்றுக்கை' என்று வலக்கையை வழங்கும் நாட்டில் வாழ்கிறோம். உண்ணும் கை பற்றிய பெரியோர் ஒழுங்கை இக்கட்டுரை மறுக்கவில்லை. ஆனால் எந்தக் கண் முதன்மையானது என்பது ஒழுங்கீனமோ பிடிவாதமோ அன்று. அஃது உடலின் அமைப்பு. அதனை அடித்துத் திருத்த இயலாது.

வார்ப்பட்டையா, தாங்கியா?

இடக்கை போல்ட் வேண்டுமா என்ற வினாவிற்கு விடை, நாம் எவ்வகைச் சுடுதலில் ஈடுபடப் போகிறோம் என்பதைப் பொறுத்தது.

ஒலிம்பிக் விளையாட்டில் உள்ள 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியை எடுத்துக்கொள்வோம். 2024இல் பாரிசு நகரில் நம் நாட்டின் சுவப்னில் குசாலே வெண்கலம் வென்ற போட்டி இது. மண்டியிட்டும், படுத்தும், நின்றும் சுட வேண்டும். முதலிரு நிலைகளிலும் ரைபிளைத் தாங்கும் கையின் மேற்புறத்தில் வார்ப்பட்டை இறுக்கிக் கட்டப்படுகிறது. இடத்தோளில் சுடுபவர்க்குத் தாங்கும் கை வலக்கை. அது பட்டையால் பூட்டப்பட்டுவிடுகிறது. போல்ட்டை இயக்க எஞ்சியிருப்பது இடக்கை மட்டுமே. போல்ட் வலப்புறம் இருந்தால், இடக்கை ரைபிளின் மேலாகத் தாண்டிச் செல்ல வேண்டும். தாண்டும்போது முகம் விலகும், தோள் நகரும், ரைபிள் சாயும். ஒவ்வொரு குண்டிற்குப் பின்னும் நிலையைப் புதிதாகக் கட்ட வேண்டும். பத்து மதிப்பெண் வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டரே என்பதை எண்ணினால் இழப்பின் அளவு விளங்கும்.

நம் பகுதியில் இதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. தென்மேற்குப் பருவக்காலத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று, கிணத்துக்கடவு வட்டாரத்துத் தென்னைகளை ஓயாது அசைக்கிறது. திறந்தவெளிச் சுடுதளத்தில் மிதமான குறுக்குக்காற்றே, சிறு 5.6 மில்லிமீட்டர் குண்டை 50 மீட்டரில் அந்தப் பத்தாம் வளையத்திற்கு வெளியே தள்ளிவிடும். காற்று ஒரே சீராக வீசும் சிறு இடைவெளியில் இரண்டு மூன்று குண்டுகளைச் சுட்டுவிடுவது தேர்ந்தோர் வழக்கம். நிலை கலையாமல் தோட்டா மாற்ற இயலாதவர்க்கு அவ்வாய்ப்பு கைநழுவும். ஆகவே வார்ப்பட்டையோடு சுடுவோர்க்கு இடப்புறப் போல்ட்டே தக்கது.

மேசைமேல் அல்லது இருகால் தாங்கியின்மேல் ரைபிளை வைத்துச் சுடுவோர் நிலை வேறு. அங்கு ரைபிளின் எடையைத் தாங்கி ஏற்கிறது. வலக்கைக்கு வேலை குறைவு. அவ்வலக்கையே வலப்புறப் போல்ட்டை இயக்கலாம். இடக்கை பிடியிலிருந்து அசைய வேண்டியதில்லை. இதனை விரும்பித் தேர்ந்தெடுக்கும் இடக்கைக்காரரும் உளர். இத்தகையோர்க்குப் போல்ட்டைவிடக் கட்டையின் வடிவமே முதன்மை.

கட்டையின் பொருத்தம்

வலக்கைக்காரர்க்கான கட்டையில் கன்னம் பதியும் மேடு இடப்பக்கமும், உள்ளங்கை நிறையும் புடைப்பு வலப்பக்கமும் இருக்கும். அதை இடத்தோளில் வைத்தால் இரண்டும் பகையாகும். கன்னம் ஒவ்வொரு முறையும் வெவ்வேறிடத்தில் பதியும், கண் குறிகாட்டிக்கு நேரே வாராது. எனவே இடக்கைக் கட்டையோ, இருபுறமும் ஒத்த வடிவுடைய கட்டையோ வேண்டும். ரைபிளைத் தோளில் ஏற்றி, கண்களை மூடி, கன்னத்தை இயல்பாகச் சாய்த்து, பின் கண்களைத் திறந்து பாருங்கள். குறிகாட்டி நேரே தெரிந்தால் கட்டை பொருந்துகிறது. கழுத்தை நீட்டியோ சுருக்கியோ தேட வேண்டியிருந்தால் பொருந்தவில்லை.

பாதுகாப்பும் கருதத்தக்கது. அரிதாகத் தோட்டாவின் உறை கிழிந்தால் சூடான வாயு பின்னோக்கி வெளியேறும். அதற்கான திறப்புகள் பெரும்பாலும் வலக்கைக்காரரின் முகத்தைக் கருதியே அமைக்கப்பட்டவை. வலக்கை ரைபிளைப் பயன்படுத்தும் இடக்கைக்காரர் கண்ணாடி அணியாமல் சுடவே கூடாது. காதுக் காப்பும் வேண்டும் எனச் சொல்லத் தேவையில்லை.

சட்டமும் கிடைக்கும் வழியும்

பெற்றோரும் பெரியோரும் முதலில் கேட்பது சட்டத்தைப் பற்றியே. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டு விதிகளும் இதனை ஆளுகின்றன. உரிமம் இன்றி ரைபிள் வைத்திருத்தல் குற்றம். 21 வயது நிரம்பாதவர் சொந்தமாக வைத்திருக்க இயலாது. எனினும் விதிகள் குறிக்கும் வயதை எட்டியவர் மேற்பார்வையின்கீழ்ப் பயிற்சி பெறலாம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பொதுவாக ஒருவர்க்கு இரண்டு துப்பாக்கிகளே உரியன. விளையாட்டு வீரர்க்குத் தனிச் சலுகை உண்டு. எனவே தவறாகத் தேர்ந்தெடுத்துப் பின்னர் மாற்றிக்கொள்வது எளிதன்று.

செருமனியின் அன்ஷுட்ஸ், வால்தர், செக் நாட்டின் சி.இசட்., பின்லாந்தின் டிக்கா, அமெரிக்காவின் சாவேஜ் முதலிய நிறுவனங்கள் இடப்புறப் போல்ட் ரைபிள்களைச் செய்துள்ளன. நம் நாட்டு அரசுத் தொழிற்சாலைகளின் விளையாட்டு ரைபிள்களில் போல்ட் வலப்புறமே உள்ளது. வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் வாய்ப்போ தகுதி பெற்ற வீரர்க்கும் அமைப்புகளுக்குமே உண்டு. ஆதலால் தொடக்க நிலை மாணவர்க்கு நாம் கூறும் வழி ஒன்றே: 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியில் தொடங்குங்கள். 4.5 மில்லிமீட்டர் துளையும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உடையவற்றிற்கு உரிமம் வேண்டுவதில்லை. போட்டித் தரமுள்ளவற்றுள் பல, இடக்கைப் பிடியோடும், இருபக்கமும் மாற்றத்தக்க நெம்புகோலோடும் கிடைக்கின்றன. இரண்டோர் ஆண்டு பயின்றபின், தம் கண், கை, நிலை மூன்றையும் அறிந்து ரைபிளை நாடலாம்.

நிறைவாக

அங்கேரி நாட்டுப் படைவீரர் கரோய் தகாட்ச், 1938இல் கையெறிகுண்டு வெடித்து வலக்கையை இழந்தார். இடக்கையால் மீண்டும் பயின்று, 1948இல் இலண்டனிலும் 1952இல் எல்சிங்கியிலும் கைத்துப்பாக்கிப் போட்டியில் ஒலிம்பிக் தங்கம் வென்றார். கையைப் பழக்க முடியும் என்பதற்கு அவர் சான்று. ஆனால் அவர் கை மாறியது வேறு வழியின்மையால். நல்ல இடக்கை இருக்கும் மாணவரை, பிறர் வசதிக்காக மாறச் சொல்வது அவர் வரலாறு தரும் பாடம் ஆகாது.

நம் கிணத்துக்கடவு மாணவர் மறுமுறை சுட்டபோது துப்பாக்கி மாறவில்லை. தோள் மட்டுமே மாறியது. வலப்புறப் போல்ட்டை எட்டிப் பிடிக்க ஒவ்வொரு முறையும் அவர் இடர்ப்பட்டார். ஆயினும் ஐந்து துளைகளும் ஓர் உள்ளங்கையின் அகலத்துள் அடங்கின. பொருந்திய ரைபிள் கிடைத்திருப்பின் இன்னும் நெருங்கியிருக்கும். மாணவர் ஒருவரைக் 'குறி வராதவர்' என்று முடிவு கட்டுமுன், 'உனக்கு எந்தக் கண், எந்தக் கை?' என்று ஒருமுறை கேட்பது ஆசிரியராகிய நமக்குச் செலவில்லாத செயல். அக்கேள்வியை அன்றே கேட்டிருக்க வேண்டும். இனி ஒவ்வோராண்டும் பயிற்சியின் முதல் நாளிலேயே கேட்போம்.