இருந்த ஊரிலிருந்தே உலக நடை

புதுவை நகரின் கடற்கரைச் சாலை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் நீளமுடையது. மாலை முதல் மறுநாட் காலை வரை அதில் வண்டிகள் அனுமதிக்கப்படுவதில்லை. ஆகவே காந்தி சிலையைக் கடந்து போவதும் வருவதுமாக நடப்போரை அங்கே எந்நாளும் காணலாம். ஒரு முறை போய்த் திரும்பினால் மூன்று கிலோமீட்டர் ஆகிறது. முப்பது பேர் கூடி, தாங்கள் நடந்த தூரத்தை ஒன்றாகக் கூட்டினால் நாளொன்றுக்கு 90 கிலோமீட்டர். ஐம்பது நாட்களில் 4,500 கிலோமீட்டர். புதுவையிலிருந்து வேலூர், சென்னை, ஹவுரா, டில்லி வழியாகப் பாகிஸ்தானிலுள்ள பெஷாவர் வரை செல்லும் தூரம் ஏறத்தாழ அவ்வளவே. நடந்தவர் எவரும் ஊரை விட்டுச் செல்லவில்லை. ஆயினும் அவர்களுடைய கணக்கு நாட்டின் எல்லையைக் கடந்துவிடுகிறது.

இதுவே வரைபட நடை என்னும் ஏற்பாடாகும். ஒரு குழுவினர் அவரவர் ஊரிலேயே நடக்கின்றனர். நடந்த தூரத்தை நாள்தோறும் குறித்து, உலகப் படத்தில் ஒரு பாதையின் மேல் முன்னேற்றத்தைக் காட்டுகின்றனர். உற்றாரும் நண்பரும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என நன்கொடை ஈகின்றனர். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் தர ஒருவர் இசைந்தால், மேற்கூறிய பாதை முடியும்போது அவர் தருவது 4,500 ரூபாய். இளம்பிள்ளை வாதத்தை உலகிலிருந்து ஒழிக்கும் முயற்சிக்கு இவ்வகையில் நிதி திரட்டுவது மிகவும் பொருத்தமுடையது. நடக்கும் ஆற்றலைப் பறிக்கும் நோயை எதிர்க்க நடையையே கருவியாகக் கொள்கிறோம் அல்லவா? 1985-ஆம் ஆண்டு முதல் ரோட்டரி சங்கங்கள் இந்நோய் ஒழிப்பிற்கெனத் தனி நிதி திரட்டி வருகின்றன. அக்டோபர் 24-ஆம் நாள் உலக இளம்பிள்ளை வாத ஒழிப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது.

நமது பாதையில் உள்ள ஊர்கள் ஒவ்வொன்றும் நமக்கு ஒரு பாடம் கற்பிக்கும்.

முதலாவது, ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேலூர். அங்குள்ள கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் ஜேக்கப் ஜான், நம் நாட்டுச் சூழ்நிலையில் சில தவணைச் சொட்டு மருந்து மட்டும் போதிய காப்பளிப்பதில்லை என்பதை ஆராய்ந்து கண்டவர். ஊரிலுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே சமயத்தில் மருந்து புகட்டும் முறை 1980-களில் வேலூரில் நடைமுறைக்கு வந்தது. பின்னர் நாடெங்கும் பரவிய பல்ஸ் போலியோ முகாமிற்கு இதுவே முன்னோடி.

இரண்டாவது, மேற்கு வங்காளத்து ஹவுரா மாவட்டம். இந்நோய்க்கு மூலமான இயற்கை வைரஸால் இந்தியாவில் கடைசியாகத் தாக்குண்ட குழந்தை அம்மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆண்டு 2011, ஜனவரி 13. அதற்கு முன் 2009-இல் நம் நாட்டில் 741 குழந்தைகள் தாக்குண்டனர்; 2010-இல் 42 பேர்; 2011-இல் அந்த ஒரு குழந்தை மட்டுமே.

மூன்றாவது டில்லி. 1994 அக்டோபர் 2-ஆம் நாள் அங்கே முதல் முகாம் நடைபெற்றது. 1995 டிசம்பர் முதல் அது தேசிய இயக்கமாயிற்று. நாடு தழுவிய ஒரு சுற்றில் ஏறத்தாழ 17 கோடிக் குழந்தைகளுக்கு 23 இலட்சம் ஊழியர் மருந்து புகட்டினர். முகாமிற்கு வராத குழந்தையைத் தேடி அவர்கள் வீடு வீடாகச் சென்றனர். குழந்தைகள் யாவரும் மருந்துண்ட வீட்டின் சுவரில் 'பி' என்றும், ஒரு குழந்தையேனும் விடுபட்ட வீட்டில் 'எக்ஸ்' என்றும் எழுதினர். எக்ஸ் எழுதிய வீட்டிற்கு மறுபடியும் நடந்தனர். 2014 மார்ச் 27-ஆம் நாள், இந்தியா உள்ளிட்ட தென்கிழக்காசியப் பகுதி இந்நோயிலிருந்து விடுபட்டதாகச் சான்றளிக்கப்பட்டது.

கடைசி ஊராகிய பெஷாவர்ப் பக்கத்தில் அந்த வேலை இன்னும் முடியவில்லை. இயற்கை வைரஸ் வேரூன்றி நிற்பது பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலுமே. பாகிஸ்தானில் வீடு வீடாகச் செல்லும் ஊழியரும், அவர்களுக்குக் காவலாகச் செல்லும் போலீசாரும் சுடப்பட்டு உயிரிழந்ததுண்டு. உலக நிதி இன்றும் தேவைப்படுவதன் காரணம் இதனால் விளங்கும்.

நோய்தான் போய்விட்டதே, நம் ஊர்க் குழந்தைக்கு இனி மருந்து எதற்கு என்று சிலர் கேட்கின்றனர். இவ்வைரஸ் மலத்தின் வழியே வெளியேறி, அசுத்தமான நீராலும் கைகளாலும் மற்றவர் வாயை அடைகிறது. தொற்றுற்றோர் 200 பேரில் ஏறத்தாழ ஒருவருக்கே நீங்கா வாதம் உண்டாகிறது. ஏனையோர் நோய் இருப்பதையே அறியாது அதனைப் பரப்புவர். சொட்டு மருந்திலுள்ள வலுவிழந்த வைரஸ்கூட, மருந்து பெறாதோர் மிகுந்த இடத்தில் நெடுநாள் பரவினால் மீண்டும் வலுப்பெறக் கூடும். 2022-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் தடுப்பு மருந்து பெறாத ஒருவர் இவ்வாறே வாதமுற்றார். செல்வம் மிக்க நாட்டுக்கே இது நேருமாயின், நாம் அயர்ந்திருத்தல் தகாது. மேலும், நோய் ஒழிந்தபின் பிறந்த குழந்தைக்குக் காப்பு தானே வருவதில்லை. பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அதனைப் புதிதாக அளித்தாக வேண்டும்.

ஆகவே பஞ்சாயத்துப் பணியில் உள்ளோர் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, குழந்தை பிறந்தவுடனும், 6, 10, 14-ஆம் வாரங்களிலும், ஒன்றரை வயதையொட்டியும் சொட்டு மருந்து. 6, 14-ஆம் வாரங்களிலும் 9-ஆம் மாதத்திலும் ஊசி. இவை யாவும் அரசு சுகாதார நிலையங்களில் இலவசம். இரண்டாவது, பதினைந்து வயதிற்குட்பட்ட எக்குழந்தைக்கேனும் கையோ காலோ திடீரெனத் தளர்ந்தால், அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குத் தெரிவிக்க வேண்டும். 14 நாட்களுக்குள் மலத்தைச் சோதனைக்கு எடுத்தாலன்றி உண்மை புலப்படாது. மூன்றாவது, கழிப்பிடமும் தூய குடிநீரும் இந்நோய்க்கு மட்டுமன்றி வேறு பல நோய்களுக்கும் தடையாகும்.

வரைபட நடையை நம் கிராமங்களிலும் எளிதில் நடத்தலாம். கடற்கரைச் சாலை வேண்டியதில்லை. ஏரிக்கரையும் வயல் வரப்பும் போதும். பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒரு படத்தை மாட்டி, பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு நாள்தோறும் கோடு நீட்டச் செய்யலாம். ஆனால் ஒரு விதியைச் சேர்த்துக்கொள்வோமாக. நடப்போர் வாரத்தில் ஒரு நாள் கிராம சுகாதாரச் செவிலியருடன் நடக்கட்டும். செங்கற் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் வெளியூரிலிருந்து வந்து குடிசையிட்டிருப்போரிடம் செல்லட்டும். பெரும்பாலும் விடுபட்டுப் போகும் குழந்தைகள் அங்கேதான் இருக்கின்றன. பெஷாவர் வரை கோடு நீண்டும், நம் ஊர்க் கோடியில் ஒரு வீடு எக்ஸ் வீடாகவே நிற்குமாயின், நமது நடை முற்றுப்பெற்றதாகாது.