பிடில் வாசித்து எந்திரம் செய்தவர்

உலகத்துக்குப் பெருஞ்செல்வத்தை வாரி வழங்கிவிட்டு, தாம் வறுமையில் வாடி மறைந்தவர்கள் சிலர் உண்டு. அவர்களில் ஒருவர் சாமுவேல் கிராம்ப்டன். நூற்பாலைத் தொழிலின் தலையெழுத்தையே மாற்றிய மேதை அவர்.

இங்கிலாந்தில் லங்காஷயர் பகுதியில் போல்ட்டன் என்று ஓர் ஊர். அதன் அருகே 1753-ம் ஆண்டு டிசம்பர் 3-ந் தேதி கிராம்ப்டன் பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தார். தாயார் பெட்டி மிகவும் கண்டிப்பானவர். ஒரு பழைய மாளிகையின் ஒரு பகுதியில் குடியிருந்துகொண்டு, பாடுபட்டு மகனை வளர்த்தார். தினமும் இவ்வளவு நூல் நூற்றே தீரவேண்டும் என்பது மகனுக்கு அவர் இட்ட கட்டளை.

அறுந்துபோன நூல்

ஹார்கிரீவ்ஸ் என்பவர் கண்டுபிடித்த 'ஜென்னி' என்ற எந்திரத்தில் சிறுவன் நூற்றான். ஒரே நேரத்தில் பல இழைகளை அது நூற்கும். ஆனால் நூலில் வலு இல்லை, அடிக்கடி அறுந்துபோகும். அறுந்ததை முடிச்சுப் போடுவதிலேயே பாதிப் பொழுது போய்விடும். வேலை குறைந்தால் தாயாரின் கோபம்! "அறுந்துபோகாத நூலை நூற்க முடியாதா?" என்ற எண்ணம் அப்போதே அவன் மனத்தில் வேரூன்றியது.

ஆர்க்ரைட் என்பவரின் எந்திரம் வேறு வகை. உருளைகளுக்கிடையே பஞ்சை இழுத்து அது நூற்றது. அந்த நூல் வலுவானது; ஆனால் முரடானது. இந்தியாவிலிருந்து சென்ற மஸ்லின் துணியைப் போல மெல்லிய துணி நெய்ய அது உதவவில்லை.

1774-ம் ஆண்டில், 21-வது வயதில், கிராம்ப்டன் வேலையைத் தொடங்கினார். கருவிகள் வாங்கக் கையில் காசில்லை. என்ன செய்வது? அவருக்குப் பிடில் வாசிக்கத் தெரியும். போல்ட்டன் நாடகக் கொட்டகையில் இரவு தோறும் ஒன்றரை ஷில்லிங் கூலிக்கு வாசித்தார். அந்தப் பணத்தில் கருவிகள் வாங்கினார். இப்படி ஐந்து ஆண்டுகள் கழிந்தன.

கோவேறு கழுதை!

1779-ல் எந்திரம் உருவாயிற்று. அதில் 48 கதிர்கள் இருந்தன. முதலில் உருளைகள் பஞ்சை இழுத்துக் கொடுக்கும். கதிர்களைத் தாங்கிய வண்டி பின்னோக்கி நகர்ந்து, இழையை நீட்டிக்கொண்டே முறுக்கேற்றும். பிறகு வண்டி முன்னோக்கி வரும்போது நூல் கதிரில் சுற்றிக்கொள்ளும். உருளை ஆர்க்ரைட்டின் முறை. வண்டி ஜென்னியின் முறை. இரண்டும் கலந்து பிறந்ததால் அதற்கு 'மியூல்', அதாவது கோவேறு கழுதை, என்று பெயர் வந்தது.

ஒரு பவுண்டு எடையுள்ள நூலில் 840 கஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை இருக்கின்றனவோ, அதுவே நூலின் நம்பர். கிராம்ப்டன் 80-ம் நம்பர் நூலையும் நூற்றுக் காட்டினார். ஒரே பவுண்டில் 67,200 கஜம்! மஸ்லினுக்கு ஏற்ற நூல் இங்கிலாந்திலேயே கிடைத்துவிட்டது. இந்தியக் கைராட்டைக்கும் தறிக்கும் வந்த சோதனைக் காலத்துக்கு இந்த எந்திரமும் ஒரு காரணம் என்பதை மறப்பதற்கில்லை.

வேலை போய்விடும் என்று அஞ்சிய கூட்டம் அப்போது ஊர் ஊராக எந்திரங்களை உடைத்து வந்தது. கிராம்ப்டன் தம் எந்திரத்தைப் பிரித்து மச்சில் ஒளித்து வைத்தார். கலகம் அடங்கியதும் வேறு தொல்லை வந்தது. இவ்வளவு மெல்லிய நூல் எப்படி வருகிறது என்று பார்க்க, ஆட்கள் ஏணி வைத்து ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள்! எந்திரத்தை உடைத்துப் போடுவதா, ஊருக்குக் கொடுத்துவிடுவதா என்ற நிலை அவருக்கு.

கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று?

காப்புரிமை பெற அவரிடம் பணம் இல்லை. "ரகசியத்தைச் சொல்லுங்கள், நாங்கள் நன்கொடை தருகிறோம்" என்று ஆலை முதலாளிகள் கையெழுத்திட்டார்கள். 1780-ல் அவர் எந்திரத்தைக் காட்டினார். வசூலானதோ சுமார் 60 பவுன்தான்! கையெழுத்துப் போட்ட சிலர் பணமே கொடுக்கவில்லை.

1811-ல் கிராம்ப்டன் ஆலை ஆலையாகச் சென்று கணக்கெடுத்தார். 40 லட்சத்துக்கும் அதிகமான மியூல் கதிர்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தக் கணக்குடன் பார்லிமெண்டை அணுகினார். பிரதமர் பெர்சிவல் 20,000 பவுன் தர எண்ணியிருந்தார் என்று சொல்வார்கள். விதி விளையாடியது! 1812 மே 11-ந் தேதி, பார்லிமெண்ட் முகப்பிலேயே பெர்சிவல் சுட்டுக் கொல்லப்பட்டார். முடிவில் கிடைத்தது 5,000 பவுன். அதைப் போட்டு நடத்திய தொழிலும் நஷ்டமடைந்தது. கடைசிக் காலத்தில் நண்பர்கள் சேர்த்துக் கொடுத்த சிறு ஆண்டுத் தொகையே அவருக்குத் துணை. 1827 ஜூன் 26-ந் தேதி, 73-வது வயதில், அவர் கண்மூடினார்.

1862-ல் போல்ட்டன் நகரம் அவருக்குச் சிலை வைத்தது. அவர் வாழ்ந்த மாளிகையும் பின்னர் காட்சிசாலை ஆயிற்று. உயிரோடு இருந்தபோது நன்கொடைப் பணத்தைக் கொடுக்க மறந்த ஊர், மறைந்து 35 ஆண்டுகள் கழித்துக் கடனைத் தீர்த்துக்கொண்டது. மேதைகளுக்கு மாலை போடுவது நல்லதுதான். அவர்கள் பசியோடு இருக்கும்போது கைகொடுப்பது அதைவிட நல்லது அல்லவா?