பின்பட்டாவும் வளைவுச் சோதனையும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

நம் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் முதலாண்டு மாணவர் எவரும் தப்ப முடியாத சோதனை ஒன்று உண்டு. மீட்டர் அளவுகோலை இரண்டு கத்தி முனைகளின் மேல் வைத்து, நடுவில் எடைதாங்கியைத் தொங்கவிட்டு, ஐம்பது ஐம்பது கிராமாக எடையைக் கூட்டி, அளவுகோலில் நட்ட குண்டூசியின் முனை எவ்வளவு இறங்குகிறது என்று நகரும் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். எடை ஏற்றும்போது ஒரு வரிசை, இறக்கும்போது ஒரு வரிசை, இரண்டின் சராசரி, முடிவில் யங் குணகம். "இதனால் யாருக்கு என்ன பயன்?" என்று அன்று முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன். அந்த முணுமுணுப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவே இக்கட்டுரை எழுதுகிறேன்.

என் தந்தையார் சிறிய பிக்கப் வண்டி ஒன்று வைத்திருக்கிறார். பழைய வண்டியாக வாங்கியது. தவணை இன்னும் முடியவில்லை. பாச்சலூர் மலையிலிருந்து மலைவாழைத் தார்களை ஒட்டன்சத்திரம் சந்தைக்கு இறக்குவது அவர் தொழில். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே. அந்த வாசலுக்கு நான் வந்ததும் அந்த வண்டியின் மேல்தான்.

அவ்வண்டியின் பின்சக்கரங்களுக்கு மேலே, பக்கத்துக்கு ஒன்றாக, வில் போல் வளைந்த எஃகுப் பட்டைக் கட்டு இருக்கிறது. இதனைப் பட்டறைக்காரர்கள் 'பட்டா' என்பர். பட்டா என்றதும் தாசில்தார் தரும் நிலப் பட்டா நண்பர்களுக்கு நினைவு வரலாம். எங்கள் வீட்டில் அந்தப் பட்டா இல்லை. இந்தப் பட்டாதான் உண்டு. மேலே உள்ள நீளமான 'மெயின் பட்டா'வின் இரு முனைகளும் கண் போலச் சுருட்டப்பட்டிருக்கும். முன் கண் சேசிஸில் நேராகப் பொருந்தும். பின் கண் 'ஷேக்கிள்' என்னும் ஊசல் துண்டின் வழியே தொங்கும். பாரம் ஏறும்போது வில் நிமிர்ந்து நீள்வதால் ஒரு முனைக்காவது இடம் கொடுத்தாக வேண்டும் அல்லவா? நடுவில் எல்லாப் பட்டாக்களையும் துளைத்துச் செல்லும் 'சென்டர் போல்ட்'. அதன் இரு பக்கமும் கட்டினை அச்சோடு இறுக்கும் 'யூ போல்ட்'கள். கத்தி முனைகளின் மேல் கிடந்த நம் அளவுகோல் இதுவே. தலைகீழாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரே தடித்த பட்டை போதாதா, ஏன் ஐந்தாறு மெல்லிய பட்டைகள் என்ற வினா எழலாம். ஈர்க்குக் கட்டினை எண்ணிப் பாருங்கள். கட்டினை வளைத்தால் வளையும், விட்டால் நிமிரும். அதே பருமனுள்ள ஒற்றைக் குச்சியை அவ்வளவு வளைத்தால் ஒடிந்துபோகும். ஒரு சட்டம் வளையும்போது அதன் ஒரு புறம் இழுபடுகிறது, மறு புறம் நெருக்குண்கிறது. சட்டம் தடிக்கத் தடிக்க, அதே வளைவுக்கு வெளிப்புற இழை கூடுதலாக இழுபடும். மெல்லிய பட்டைகள் ஒன்றன் மேல் ஒன்று வழுக்கிக்கொள்வதால் ஒவ்வொன்றின் இழையும் சிறிதளவே இழுபடுகிறது. கீழே போகப் போகப் பட்டைகள் குட்டையாவதும் காரணத்தோடுதான். வளைக்கும் திருப்புத்திறன் நடுவில்தான் அதிகம். அங்கே எல்லாப் பட்டைகளும் சேர்ந்து நிற்கின்றன.

ராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்ட விதிப்படி, இறக்கம் சுமைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். பட்டாக் கட்டின் விறைப்பு, பட்டைகளின் எண்ணிக்கைக்கும் அகலத்துக்கும் நேர்விகிதம். தடிப்பின் மும்மடிக்கு நேர்விகிதம். நீளத்தின் மும்மடிக்கு எதிர்விகிதம். இந்த மும்மடியில்தான் எங்கள் வீட்டுக் கதை தொடங்குகிறது.

ஓராண்டுக்கு முன்பு வண்டியின் பின்புறம் தாழ்ந்து, பாரம் ஏற்றினால் ரப்பர்க் கட்டையில் இடிக்கத் தொடங்கியது. நெடுஞ்சாலை ஓரப் பட்டறை ஒன்றில் காட்டினார் அப்பா. அவர்கள் கட்டினைப் பிரித்துப் பார்க்காமலே, பக்கத்துக்கு இரண்டு தடித்த பட்டாக்களைக் கூடுதலாகச் சொருகி, "இனி ரெண்டு டன் ஏத்தினாலும் அசையாது" என்று அனுப்பினர். உண்மையிலேயே அசையவில்லை. பின்புறம் சேவலின் வால் போல் தூக்கி நின்றது. காலியாக வரும்போது சக்கரங்கள் சாலையில் குதித்தன. மலையில் இறங்கும்போது பிரேக் முன்போல் பிடிக்கவில்லை என்று அப்பா இரண்டு முறை சொன்னார்; நான் அதைப் பட்டாவோடு சேர்த்து எண்ணவில்லை. அனுமதித்த பாரம் 1200 கிலோ. பட்டறைக்காரர் சொல்லை நம்பி 1600 கிலோ வரை ஏற்றிக்கொண்டிருந்தார்.

பாடநூல் சூத்திரத்தில் எண்களை இட்டுப் பார்த்தேன். பட்டாவின் நீளம் 1.1 மீட்டர், அகலம் 60 மி.மீ., தடிப்பு 8 மி.மீ., பட்டைகள் ஐந்து. எஃகின் யங் குணகம் சதுர மீட்டருக்கு 20,000 கோடி நியூட்டன். விறைப்பு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 61 நியூட்டன் வந்தது. அதாவது பக்கத்துக்கு 500 கிலோ ஏற்றினால் 80 மி.மீ. இறங்க வேண்டும். பட்டறையில் சொருகிய இரண்டும் 10 மி.மீ. தடிப்பு. எட்டுக்கும் பத்துக்கும் என்ன பெரிய வேற்றுமை என்று தோன்றும். மும்மடியாக்கினால் ஒரு பத்து மி.மீ. பட்டை கிட்டத்தட்ட இரண்டு எட்டு மி.மீ. பட்டைகளுக்குச் சமம்! ஆக ஐந்து பட்டைக் கட்டு, ஒன்பது பட்டைக் கட்டுபோல் ஆகிவிட்டது. விறைப்பு 110, அதே சுமைக்கு இறக்கம் 45 மி.மீ. மட்டுமே.

சென்ற பொங்கல் விடுமுறையில், லாரிப் பட்டறையில் நெடுநாள் வேலை பார்த்த என் தாய்மாமன் துணையோடு வீட்டு வாசலிலேயே வேலையைத் தொடங்கினோம். வீட்டில் செய்யக் கூடிய வேலைதான்; ஆனால் அசட்டையாகச் செய்யக் கூடியதன்று. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கியால் தூக்கி, சேசிஸுக்குக் கீழே உறுதியான இரும்பு முட்டுகளை நிறுத்தினோம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. இன்னொரு ஜாக்கியை அச்சுக்குக் கீழே கொடுத்து, பட்டாவின் மேல் பாரம் இல்லாதவாறு தொங்கவிட்ட பிறகே யூ போல்ட்டுகளைக் கழற்றினோம். ஒரு பக்கம் முடிந்த பின்பே மறுபக்கம்.

கழற்றிய கட்டின் சென்டர் போல்ட்டில் நான் ஸ்பானரை வைத்ததும் மாமா என் கையைத் தட்டிவிட்டார். "இருடா மாப்ளே! அது தூங்குற பாம்பு." பட்டைகள் ஒவ்வொன்றும் சற்று வெவ்வேறு வளைவில் செய்யப்பட்டவை, கட்டும்போது ஒன்றையொன்று நெருக்கி வைத்திருக்கின்றன. வண்டியிலிருந்து கழற்றிய பின்னும் அந்த ஆற்றல் உள்ளே இருக்கும். போல்ட்டினைச் சட்டென எடுத்தால் பட்டை தெறித்து முகத்தில் அடிக்கும். சென்டர் போல்ட்டின் இரு பக்கமும் பெரிய கிளாம்புகளை முடுக்கிவிட்டு, போல்ட்டை எடுத்து, பின்பு கிளாம்புகளைச் சிறிது சிறிதாகத் தளர்த்தி, பக்கவாட்டில் நின்றபடி பிரித்தார் அவர். மீட்சி ஆற்றல் என்று தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதியதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

பிரித்ததும் உண்மை வெளிப்பட்டது. மூன்றாம் பட்டை, சென்டர் போல்ட் துளையின் ஓரமாக இரண்டாகப் பிளந்திருந்தது. வண்டி தாழ்ந்ததற்குக் காரணம் அதுதான். பட்டறையில் நோயைப் பார்க்காமல் கூடுதலாக ஊன்றுகோல் கொடுத்திருக்கிறார்கள். துளையிருக்கும் இடத்தில் தகைவு குவிவதால் பட்டைகள் பெரும்பாலும் அங்கேதான் முறியும், அல்லது கண்ணோரத்தில். இதைப் பற்றவைத்தால் என்ன என்று கேட்டேன். கூடவே கூடாது என்றார் மாமா. சிலிக்கன், குரோமியம் போன்றவை கலந்த எஃகினைச் செஞ்சூட்டில் எண்ணெயில் தோய்த்துக் கடினமாக்கி, மறுபடி 450, 500 டிகிரி அளவில் சூடேற்றிப் பதப்படுத்தித்தான் பட்டா செய்கிறார்கள். பற்றவைக்கும் வெப்பம் அந்தப் பதத்தைக் கெடுத்துவிடும்.

முறிந்ததற்குப் பதில் அதே அளவுள்ள புதுப்பட்டை, தடித்த இரண்டும் வெளியே, புதிய சென்டர் போல்ட், புதிய யூ போல்ட்டுகள். பழைய யூ போல்ட் ஒரு முறை இழுபட்டு நீண்டது. மறுபடி அதே இறுக்கம் தராது. பட்டைகளுக்கிடையே துருவைத் தேய்த்து எடுத்து, கிராஃபைட் கிரீஸ் தடவினோம். சென்டர் போல்ட்டின் தலை அச்சு மேடையிலுள்ள குழியில் சரியாக உட்கார வேண்டும். உட்காராவிட்டால் அச்சு நகர்ந்து வண்டி கோணலாக ஓடும். ரப்பர் புஷ் உள்ள கண் போல்ட்டுகளை, சக்கரம் தரையில் ஊன்றி, பட்டா பாரம் தாங்கி நிற்கும்போதே இறுதியாக முடுக்க வேண்டும். தொங்கும் நிலையில் முடுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்குண்டு கிடந்து விரைவில் கிழியும்.

அடுத்து என் சோதனை. பக்கத்தில் வீடு கட்டும் பெரியவரிடம் இருபது சிமெண்ட் மூட்டைகளை இரவல் கேட்டேன். 'இந்தப் பையன் படித்துக் கெட்டான்' என்பது போல் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கொடுத்தார். அச்சுக்கு நேர் மேலே மூட்டைகளை அடுக்கிக்கொண்டே, சக்கர வளைவுக்கும் சக்கர நடுவுக்கும் உள்ள உயரத்தை அளந்தேன். டயரின் நசுக்கம் கணக்கில் வராதிருக்கவே தரையிலிருந்து அளக்கவில்லை. பத்து மூட்டைக்கு 34 மி.மீ., இருபதுக்கு 74 மி.மீ. இறங்கியது. மூட்டைகளை இறக்கும்போது மீண்டும் அளந்தேன். பத்து மூட்டை நிலையில் 34 வர வேண்டிய இடத்தில் 45 வந்தது! முழுவதும் இறக்கிய பின்னும் 8 மி.மீ. தாழ்ந்தே நின்றது. வண்டியை நாலைந்து முறை அமுக்கிக் குலுக்கியதும் பழைய உயரத்துக்கு வந்தது.

ஆய்வுக்கூடத்தில் இரு வரிசைகளும் இவ்வளவு மாறுபட்டால் "மறுபடி செய்" என்று பதிவேட்டைத் திருப்பித் தருவார்கள். இங்கே மாறுபாடே விடை. பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதால், ஏற்றும்போது உராய்வு பாரத்தை எதிர்க்கிறது. இறக்கும்போது மீள்வதை எதிர்க்கிறது. இரண்டின் சராசரி 39½; என் கணக்குப்படி பத்து மூட்டைக்கு 40. (இந்த இடத்தில் நான் வாசலில் துள்ளியதை என் தங்கை இன்றும் நடித்துக் காட்டுகிறாள்.) இந்த உராய்வே அதிர்வின் ஆற்றலை வெப்பமாக்கிக் குதிப்பை அடக்குகிறது, சுருள் வில்லுக்கு இல்லாத குணம் இது.

பாரத்தின்போது சற்றுத் தாங்கல் வேண்டும் என்றார் அப்பா; நியாயம்தான். அதற்காக, இவ்வண்டி வகைக்கென்றே விற்கும் 'ஹெல்பர் பட்டா' ஒன்றைக் கட்டின் அடியில் சேர்த்தோம். அது வளையாமல் ஏறக்குறையத் தட்டையாக இருக்கும். காலி வண்டியில் மற்றப் பட்டைகளைத் தொடாமல் நிற்கும். ஏறத்தாழப் பாதிப் பாரம் ஏறிய பின்பே முனைகள் முட்டித் துணைக்கு வரும். இருபது மூட்டைக்கு இப்போது 61 மி.மீ. இறங்குகிறது. காலி உயரம் மாறவில்லை; குதிப்பும் இல்லை.

இனி பிரேக்குக்கு வருவோம். எங்கள் வண்டியில், சேசிஸில் பொருத்திய வால்வு ஒன்றை அச்சோடு இணைக்கும் மெல்லிய கம்பி ஒன்று இருக்கிறது. பாரம் ஏறிச் சேசிஸ் தாழும்போது கம்பி நகர்ந்து, பின்சக்கரப் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் விடச் செய்கிறது. காலியாக இருக்கும்போது அழுத்தத்தைக் குறைத்துப் பின்சக்கரம் வழுக்காமல் காக்கிறது. இந்த வால்வுக்கு மூட்டை தெரியாது, தாரும் தெரியாது. உயரம் ஒன்றே தெரியும். தடித்த பட்டாக்கள் பின்புறத்தைத் தூக்கி நிறுத்தியதால், 1600 கிலோ ஏறிய வண்டியைக் காலி வண்டி என்றே அது எண்ணியிருக்கிறது. பாச்சலூர் மலையின் வளைவுகளில் பல மாதங்கள் அப்பா முன்பிரேக்கை மட்டும் நம்பி இறங்கியிருக்கிறார். இதைக் கண்டுகொண்ட அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாளே பிரேக் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கொண்டு, வண்டியின் கையேட்டில் உள்ளபடி அக்கம்பியை அளந்து சரிசெய்தோம்.

வேலை முடிந்து கை கழுவும்போது அப்பா கேட்டார்: "சரிப்பா, இப்ப எவ்வளவு கூட ஏத்தலாம்?"

"ஒரு கிலோகூட ஏத்தக் கூடாதுப்பா" என்றேன்.

அவர் ஒன்றும் பேசவில்லை. நான் கணக்குச் சொன்னேன். பட்டா தாங்கினாலும் அச்சு, பேரிங், டயர், பிரேக் எல்லாம் பழையவையே. கூடுதலாக 100 கிலோ ஏற்றி 1000 மீட்டர் உயரம் இறங்கினால், அந்த 100 கிலோவால் மட்டும் ஏறக்குறைய 980 கிலோ ஜூல் ஆற்றல் வெளிப்படும். மூன்று லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். கியரில் இறங்கும்போது எஞ்சின் தாங்குவது போக, மீதி எல்லாம் பிரேக்கில்தான் வெந்தாக வேண்டும். 400 கிலோவுக்கு அதைப் போல் நான்கு மடங்கு. சட்டத்தையும் சொன்னேன். பதிவுச் சான்றில் உள்ள மொத்த எடையை மீறினால், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 20,000 ரூபாய் அபராதம். அதற்கு மேல் கூடுதல் டன் ஒன்றுக்கு 2,000 ரூபாய்.

"தவணைக்கு யாரு கணக்குப் போடுறது?" என்றார் அப்பா. அதற்கு என்னிடம் சூத்திரம் இல்லை. அம்மாதான் பேச்சை மாற்றிச் சாப்பிடக் கூப்பிட்டார்.

இப்போது வாரத்துக்கு ஒரு நடை கூடுதலாகப் போகிறார். டீசல் செலவு கூடியிருக்கிறது. வாழை மண்டிக்காரர் சலித்துக்கொள்கிறார். விடுமுறை நாள்களில் நானும் தார் ஏற்றப் போகிறேன். முறிந்த மூன்றாம் பட்டையை எங்கள் ஊர்க் கொல்லர் வாங்கிக்கொண்டு, இரண்டு அரிவாள் அடித்து ஒன்றை எங்களுக்கே தந்தார். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடிய பின் யூ போல்ட்டுகளை மறுபடி முடுக்கிப் பார்த்தபோது, நான்கும் கால் சுற்று உள்ளே போயின.