பெட்ஃபோர்டின் பெயர்கள்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், புளூ ரிட்ஜ் மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்துள்ளது பெட்ஃபோர்டு என்னும் சிற்றூர். 1944ஆம் ஆண்டில் இதன் மக்கள்தொகை ஏறத்தாழ 3,200. சுற்றிலும் உழவர் குடியிருப்புகள். அமெரிக்க நாடு தன் தேசிய டி-டே நினைவகத்தைத் தலைநகரில் அமைக்காமல் இவ்வூரில் அமைத்தது ஏன்?

விடையைத் தேடப் போருக்கு முந்தைய ஆண்டுகளுக்குச் செல்லவேண்டும். 1930களின் பொருளாதார வீழ்ச்சி, பெட்ஃபோர்டு இளைஞர்களை வேலைக்கு ஏங்க வைத்தது. தேசியக் காவற்படையில் சேர்ந்தால் ஒவ்வொரு பயிற்சி நாளுக்கும் ஒரு டாலர் கிடைக்கும். அண்ணன் தம்பியர், பள்ளித் தோழர்கள், ஒரே ஆலையில் உழைத்தோர் எனப் பலரும் சேர்ந்தனர். காவற்படைப் பிரிவுகள் ஊர்வாரியாக அமைக்கப்பட்டிருந்தமையால் அனைவரும் ‘ஏ’ பிரிவு என்னும் ஒரே பிரிவில் அமைந்தனர். 1941 பிப்ரவரியில் அப்பிரிவு நாட்டின் படையோடு இணைக்கப்பட்டது. அறிந்த முகங்கள் அருகிலிருப்பது வீரனுக்குத் துணிவளிக்கும்; ஆனால் அப்பிரிவு வீழ்ந்தால், ஓர் ஊரின் இளமையே ஒரே நாளில் வீழும் என்பதை அன்று யாரும் கணக்கிட்டதாகத் தெரியவில்லை.

1944 ஜூன் 6. நேசநாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கின. ஒமாகா எனப் பெயரிடப்பட்ட பகுதியில் முதல் அலையில் சென்றது ‘ஏ’ பிரிவு. குன்றின் மேலிருந்து பொழிந்த இயந்திரத் துப்பாக்கிக் குண்டுகளுக்கு நடுவே, பெட்ஃபோர்டைச் சேர்ந்த 19 பேர் அன்றே மடிந்தனர். (பிற பிரிவுகளில் இருந்தோரையும் சேர்த்தால் எண்ணிக்கை சற்று மாறும்.) ஒரு படகு கரை சேருமுன் மூழ்கியது, அதிலிருந்து மீட்கப்பட்ட பெட்ஃபோர்டு வீரர்கள் அதனாலேயே அன்று உயிர் தப்பினர்!

ஊரோ ஒரு மாதத்திற்கும் மேலாக ஏதும் அறியாதிருந்தது. ஜூலை 17 அன்று காலை, மருந்துக்கடையில் இருந்த தந்திப் பொறி, இரங்கற் செய்திகளை ஒன்றன்பின் ஒன்றாக அச்சிடத் தொடங்கியது. ஹோபாக் குடும்பத்தினருக்கு ஒரு மகன் இறந்த செய்தியும், மற்றொரு மகன் காணாமற்போன செய்தியும் அடுத்தடுத்த நாள்களில் வந்து சேர்ந்தன. இரண்டாமவரின் உடல் இறுதிவரை கிடைக்கவே இல்லை.

1954இல் ஊர் நீதிமன்ற வளாகத்தில் ஒரு நினைவுக்கல் நிறுவப்பட்டது. அக்கல்லும் நார்மண்டியிலிருந்தே கொண்டுவரப்பட்டது. தேசிய நினைவகம் 2001 ஜூன் 6 அன்று திறக்கப்பட்டது. அதன் வளைவு 44 அடி 6 அங்குல உயரம் கொண்டது; போர் நடந்த ஆண்டையும் மாதத்தையும் அந்த அளவே குறிக்கிறது. அருகிலுள்ள குளத்தில் அவ்வப்போது நீர் பீறிட்டு எழும், கடலில் விழுந்த குண்டுகளைப் போல. அன்று உயிர்நீத்த நேசநாட்டு வீரர்கள் நாலாயிரத்திற்கும் மேற்பட்டோரின் பெயர்கள் வெண்கலத் தகடுகளில் பொறிக்கப்பட்டுள்ளன. அங்கே பதவிப் பெருமைக்கு இடமில்லை.

இவை அனைத்திலும் ஆழ்ந்து நோக்கத்தக்கது, தலைக்கவசம் அணிந்த ஒரு வெண்கலப் பெண்ணுருவம். இதன் மூலச்சிலை, முதல் உலகப்போரில் இறந்த தம் ஊராரின் நினைவாக நார்மண்டியின் திரேவியர் ஊர்மக்கள் எழுப்பியது. 1944 போரில் குண்டு பாய்ந்து அதன் முகத்தின் கீழ்ப்பகுதி சிதைந்தது. ஊரார் அதைச் செப்பனிடவில்லை. பெட்ஃபோர்டில் நிற்கும் படியும் அச்சிதைவோடேயே வார்க்கப்பட்டுள்ளது.