உப்புக் கரிக்கும் இலை

பள்ளிக்கூடம் விடுமுறை விட்டால் தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் வேன் பிடிப்பது பெரும்பாலும் கல்லணைக்கோ வேளாங்கண்ணிக்கோதான். பெரியப்பா வீடு, சித்தி வீடு, கைப்பிள்ளைகள் என ஒரு பட்டாளமே கிளம்பும்போது “தீவுக்குப் போவோமே” என்று யாராவது சொன்னால், மாலத்தீவுச் செலவை நினைத்துச் சிரிப்பார்கள். ஆனால் மன்னார்குடி வழியாக இரண்டு மணி நேரம் போனால் முத்துப்பேட்டை. பக்கத்து ஜாம்புவானோடையில் படகேறினால் கோரையாறு வழியே அலையாத்திக் காட்டுக்குள் நுழைந்து, காயலையும் திட்டுகளையும் பார்த்து வரலாம். தங்க அறையில்லை, டீக்கடையில்லை. புளிச்சோற்றையும் குடிதண்ணீரையும் நாம்தான் சுமக்க வேண்டும். சிறுவர்களுக்கு உயிர்காப்பு உடை கட்டாயம்.

கரையோரச் சேற்றைப் பார்த்ததும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, “தாத்தா, யாரு இவ்வளவு குச்சிய நட்டு வச்சா?” என்பதாகத்தான் இருக்கும். அவை வேர்கள். அலையாத்தி மரத்தின் கிடைவேர் சேற்றுக்கடியில் நீளமாக ஓடுகிறது. அதிலிருந்து பென்சில் பென்சிலாக மூச்சு வேர்கள் மேலே கிளம்புகின்றன. வரிசையைக் கண்ணால் பிடித்துக்கொண்டே போனால் எந்த மரத்துடையது என்று கண்டுபிடித்துவிடலாம். ஈரச் சேற்றில் காற்று புகாது. அதனால் இந்த வேர்களின் தோலிலுள்ள நுண்துளைகள்தான் மூக்கு. தண்ணீர் ஏறி மூழ்கடித்தால், உள்ளே இருக்கும் ஆக்சிஜன் செலவாகி அழுத்தம் குறையும். தண்ணீர் வடிந்த கணத்தில் வெளிக்காற்று தானாக உள்ளே இழுபடும்.

அடுத்து, அலையாத்தி இலை ஒன்றை வெயிலில் சாய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பொடிப்பொடியாக மின்னும். நாக்கில் வைத்தால் உப்பு. வேரே பெரும்பகுதி உப்பை வடிகட்டிவிடுகிறது. தப்பி ஏறியதை இலையின் சுரப்பிகள் வெளியே தள்ளிவிடுகின்றன. இந்தச் சோதனையைப் பெரியவர் ஒருவர் மரத்தைக் காட்டிய பிறகே செய்ய வேண்டும். இதே காட்டில் தில்லை மரமும் உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே பாதிக்கப்படும், தோலில் பட்டால் கொப்புளம்.

உப்பைத் தாங்கும் மரம் என்பதால் எவ்வளவு உப்பானாலும் பிழைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து பிரியும் கோரையாறும் பாமணியாறும், வயல்களுக்குப் பாய்ந்து மிஞ்சியதைக் கொண்டுவந்து சேர்க்கும் இடம் இது. பாக் நீரிணையில் கடல் ஏற்றவற்றமும் குறைவு. ஆற்றுநீர் வராத கோடையில் தேங்கிய நீர் ஆவியாகி, கடல்நீரைவிடவும் கரிக்கத் தொடங்கிவிடும். ‘வீணாகக் கடலில் கலக்கிறது’ என்று நாம் வருத்தப்படும் தண்ணீரில் ஒரு பங்குதான் இந்தக் காட்டுக்கும், இங்கே வளரும் இறால், மடவைக் குஞ்சுகளுக்கும் ஜீவாதாரம். டெல்டாக்காரர்கள் மேட்டூர்க் கணக்குப் போடும்போது இந்தக் கடைமடையை மறந்துவிடுகிறார்கள் என்பது என் குறை.

பிரிட்டிஷ் காலத்தில் தொடங்கி இங்கே கூறு போட்டு மரங்களை மொட்டையாக வெட்டினார்கள். வெயில் நேரடியாகப் பட்டதும் மண் காய்ந்து தாழ்ந்து, தாம்பாளம்போல் குழிந்தது. உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியில்லை. காய்ந்து காய்ந்து உப்பு ஏறியதில் விதை முளைக்கவில்லை. 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் செய்த வேலை, டெல்டா விவசாயி யோசிக்கக்கூடியதுதான்: வாய்க்கால் வெட்டினார்கள். நடுவே ஒரு பெரிய வாய்க்கால், இருபுறமும் சரிவாகக் கிளைகள், மீன்முள் மாதிரி. நீர் வந்துபோக ஆரம்பித்ததும் உப்பு இறங்கியது, கன்றுகள் நிலைத்தன. ஆனால் 2018 நவம்பர் 16 அன்று கரையேறிய கஜா புயல் இந்தக் காட்டையும் ஒடித்துப்போட்டது.

வசதியுள்ளவர்கள் இரண்டு தடவை போய் வரலாம். பொங்கல் விடுமுறையில் ஒரு முறை, மே மாதத்தில் ஒரு முறை. மழைநீரும் ஆற்றுநீரும் கண்ட தை மாதத்து இலை, வறண்ட கோடை இலை இரண்டில் எதில் உப்பு அதிகம் என்று பிள்ளைகளே நக்கிப் பார்த்துச் சொல்லட்டும்.