ஈத்தைக் கணுவுக்குள் ஒரு காவல்

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில், களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் ஓடைக்கரைகளில் அடர்ந்து நிற்கும் ஈத்தைப் புதர்கள், அதாவது கேரளத்தில் ‘ஈற்ற’ எனப்படும் மெல்லிய மூங்கில் வகை, ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளமே உள்ள ஒரு பச்சைத் தவளைக்குப் பேறுகால அறையாக விளங்குகின்றன. ‘ராவோர்செஸ்டிஸ் சலாசோடிஸ்’ என்பது அதன் அறிவியற்பெயர். பேரினப்பெயரின் முதற்பகுதி இந்தியத் தவளையியலின் முன்னோடியான சி. ஆர். நாராயண ராவைக் குறிப்பது. ஆல்பர்ட் குந்தர் 1876-இல் விவரித்த இவ்வினம் அதன்பின் நூற்றாண்டுக்கும் மேலாகக் கண்ணில் படாமையால் அழிந்ததென்றே கருதப்பட்டுவந்து, 2011-இல்தான் மீண்டும் கண்டறியப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. எட்டிப்பார்க்க இயலாத இடத்தில் குடியிருக்கும் உயிர் இத்தனை காலம் தப்பியிருந்ததில் வியப்பில்லை.

இரு கணுக்களுக்கு இடைப்பட்ட உள்ளீடற்ற பகுதிக்குக் கணுவிடை என்று பெயர். அதன் சுவரில் ஏற்கெனவே ஒரு சிறு துளை இருந்தாலொழிய இத்தவளைக்கு அங்கு இடமில்லை. மூங்கிலைத் துளைக்கும் வலிமை அதற்குக் கிடையாது. துளைவழி நுழையும் ஆண் உள்ளிருந்து குரல் கொடுக்க, அதைக் கேட்டு வரும் பெண் ஐந்து முதல் எட்டு முட்டைகளை இட்டுவிட்டு வெளியேறிவிட, ஆண் உள்ளேயே தங்கி அவற்றைக் காக்கிறது. நீந்தித் திரியும் தலைப்பிரட்டைப் பருவமே இவ்வினத்திற்கு இல்லையாதலால், கரு முட்டைக்குள்ளேயே கைகால் பெற்று முழுத் தவளைக்குஞ்சாக வெளிவருகிறது. இதனை ‘நேரடி வளர்ச்சி’ என்பர். குளமோ குட்டையோ வேண்டாத இம்முறைக்குக் கணுவிடையின் ஈரக்காற்றே போதும்.

இவ்வினப்பெருக்க முறையை 2015-இல் வெளியிட்ட ஆய்வுக்குழுவைச் சேர்ந்த கே. எஸ். சேஷாத்ரி, காவலிருக்கும் ஆண் தவளையை அகற்றினால் முட்டைகளுக்கு என்ன நேரும் என்பதையும் பின்னர்ச் சோதித்தார். காவலற்ற முட்டைகள் பெருமளவில் அழிந்தன. அவற்றைத் தின்றவற்றுள் முதன்மையானவை பாம்போ எறும்போ அல்ல, அதே இனத்து ஆண் தவளைகளே. தவளை நுழையும் அளவுக்குத் துளை இருந்தாக வேண்டும் என்பதால், எதிரிகள் பலரை வெளியே நிறுத்தும் அவ்வாயிலால் தன்னளவே உள்ள தன்னினத்தானை மட்டும் நிறுத்த முடிவதில்லை; தகப்பன் உள்ளேயே தங்கிக் கிடப்பது அதனால்தான்.

கூடை முடைவதற்கும் காகிதக் கூழுக்கும் பயன்படும் ஈத்தை வெட்டப்படுகையில், எந்தத் தண்டில் துளை உள்ளது, எதனுள் காவல் நடக்கிறது என்று பிரித்துப் பார்ப்போர் இல்லை.